அரசு கலைக் கல்லூரி பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய கழகத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவில் ஒப்புக்கொண்ட பணிகளில் பெரும்பாலானவை நடந்து முடிந்தன. ஜூலையில் முதலாமாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வரவேற்புக் கூட்டம் நடந்தது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்க்கப்பட்டது. மாணவிகள் கழிப்பறைக்குப் புது மோட்டார் போட்டோம். சுதந்திர தினம், பொங்கல் விழா, விளையாட்டு விழா, ஆண்டு விழா ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கழகம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர்களும், இரவுக் காவலரும், தூய்மைப் பணியாளர்களும் ஆண்டு முழுவதும் பணியில் இருந்தார்கள். இடையில் சம்பளம் தள்ளிப்போனது உண்மை. அதன் காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார் குழு, அதாவது நாம் எல்லோரும் விசாகா கமிட்டி என்று சொல்கிற அமைப்பு. ‘செயலாளர் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்’ என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. ஏன் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதைச் சபையிலேயே சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த வாரம் நம் பெற்றோர் பலர் எனக்குப் போன் செய்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: “பொண்ணை இனிமே அனுப்பலாமா, நிறுத்திடலாமா?” கவலையில் கேட்டதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வி வீட்டில் பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கிறது. ஜனவரியில் விடுதிக்குப் போயிருந்தபோது இரண்டாமாண்டு மாணவி ஒருவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்: “மேடம், எவனாவது பஸ்ல வம்பு பண்ணான்னு சொன்னாலே போதும், எங்கப்பா மறுநாளே வந்து டி.சி. வாங்கிடுவாரு. அதுக்குப் பொறுத்துக்கிட்டுப் படிச்சு முடிச்சுடலாம்.” பக்கத்தில் இருந்த மாணவிகள் யாரும் அதை மறுக்கவில்லை.

கல்லூரியில் எத்தனை குழு வைத்தாலும், சொன்னால் படிப்பு போய்விடும் என்று ஒரு பிள்ளை பயந்தால் அந்தக் குழுவுக்குப் புகார் வராது. அந்தப் பயத்தைப் போக்க முதல்வரால் முடியாது, பேராசிரியர்களால் முடியாது. பெற்றோரால் மட்டுமே முடியும். அதனால்தான் இது கழகத்தின் வேலை என்று எடுத்துக்கொண்டேன். சென்னை வழக்கில் 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாதபடி ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த மாணவி துணிந்து உடனே புகார் கொடுத்தார், அதனால்தான் ஐந்தே மாதத்தில் வழக்கு தீர்ப்புவரை போனது.

அப்புறம் நம் கல்லூரிக் குழுவைப் பார்த்தேன். அலுவலக அறையில் கதவைத் திறந்து வைத்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிற கண்ணாடிப் பெட்டியில், முழுக்க ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள். அதில் முதல் பெயர் முன்பு இங்கே முதல்வராக இருந்தவருடையது. இரண்டாவது பெயருக்குரிய பேராசிரியை கலந்தாய்வில் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இருந்த ஒரே தொலைபேசி எண்ணும் அவருடையது. மாணவர் பிரதிநிதி யாரும் இல்லை, வெளி உறுப்பினரும் இல்லை.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. பல கல்லூரிகளில் இதுதான் நிலை. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவியின் வழக்கை ஒட்டி, 1997-இல் உச்ச நீதிமன்றம் பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க விசாகா வழிகாட்டு நெறிகளைத் தந்தது. 2013-இல் அது சட்டமானது. குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். கல்லூரிகளுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இருக்கிறது. அதன்படி முதல்வர், துறைத்தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. மூத்த பேராசிரியை ஒருவர் தலைமை வகிக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர் மூவர் உட்கார வேண்டும், அவர்களும் தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும். இந்த ஒழுங்குமுறை மாணவிகளுக்கு மட்டுமானதல்ல. ஆபத்தில் இருப்பவர்களில் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இதைப் பலர் என்னிடமே நம்பாமல் கேட்டார்கள்.

முதல்வர் அவர்கள் மறுபேச்சில்லாமல் குழுவை மாற்றி அமைத்தார். அதற்குக் கழகத்தின் நன்றி. மாணவர் பிரதிநிதிகளுக்கு வகுப்புவாரியாக வாக்கெடுப்பு நடந்தது. சாக்பீஸ் பெட்டியில் துண்டுச் சீட்டு போட்டு, மாணவர்கள் முன்னிலையிலேயே எண்ணினார்கள். வெளி உறுப்பினராக மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு வழக்கறிஞர் அம்மா வருகிறார். விதிப்படி அவருக்கு நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும். கல்லூரியில் அதற்கென்று தனித் தலைப்பு இல்லாததால் கழகம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் பஸ்சில்தான் வந்து போகிறார்.

புதுப் பலகையைத் தமிழில் எழுதி மாணவிகள் ஓய்வறை, விடுதி வாசல், நூலகம், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய மதில் ஆகிய இடங்களில் வைத்திருக்கிறோம். உறுப்பினர் பெயர், அவர்கள் எந்த அறையில் இருப்பார்கள், எந்த நேரம், மகளிர் உதவி எண் 181, ராகிங் உதவி எண் 1800-180-5522 எல்லாம் அதில் உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்பதும் இருக்கிறது. பெரிய எழுத்தில் ஒரு வரி போடச் சொன்னேன்: யார்மீது புகாரோ, விசாரணை முடியும்வரை அவர் புகார் கொடுத்தவரின் தாளைத் திருத்தவும் மதிப்பெண் போடவும் கூடாதென்று குழு பரிந்துரைக்கலாம். பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுவது இன்டர்னல் மார்க்தான். ஆய்வு மாணவிகளுக்கு நெறியாளரின் ஒரு கையெழுத்து. இதற்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கல்லூரிக் கையேட்டையும் எடுத்துப் படித்தேன். ஒழுங்கு விதிகள் என்ற தலைப்பில் உடை பற்றி ஒரு பத்தி, செல்போன் பற்றி ஒரு பத்தி, மாணவ மாணவியர் மரத்தடியில் நின்று பேசுவது பற்றி ஒரு பத்தி. பின்தொடர்தல், ஆபாசக் குறுஞ்செய்தி, அனுமதியில்லாமல் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது, மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவது ஆகியவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது அவை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. செயற்குழுவில் சில உறுப்பினர்கள், உடை விதியை இன்னும் கடுமையாக்கலாம், பிரச்சினை தானாகக் குறையும் என்றார்கள். நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். அந்த விதி இருந்தால், புகாரோடு வருகிற பிள்ளையிடம் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். கேமரா வாங்கினால் போதும் என்றும் ஒரு கருத்து வந்தது. கேமரா வேண்டியதுதான். ஆனால் அறைக் கதவுக்குள் நடப்பதும் செல்போனில் வருவதும் நடைபாதைக் கேமராவில் தெரியாது.

என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை உறுதிமொழித் தாள். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையானதற்குப் பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்க்கையே நடக்கிறது. அதே பாணியில் இன்னொரு தாளைச் சேர்க்க முதல்வரிடம் கேட்டு வாங்கினோம். மாணவர் பகுதியில் நடத்தை விதிகள் உள்ளன. பெற்றோர் பகுதியில் இரண்டே வரிகள்: ‘என் பிள்ளை புகார் கொடுத்தால் அதற்காகப் படிப்பை நிறுத்த மாட்டேன். என் பிள்ளைமீது புகார் வந்தால் விசாரணைக்கு ஒத்துழைப்பேன், புகார் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பேச மாட்டேன்.’ இந்தச் சேர்க்கையில் பெரும்பாலான பெற்றோர் கையெழுத்திட்டார்கள். சிலர் முதல் வரிக்குப் போட்டுவிட்டு இரண்டாவது வரியை அடித்துவிட்டார்கள். அவர்களிடம் நேரில் பேசவே விரும்புகிறேன்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரியில் மாணவர்களின் பெற்றோருக்காக, குறிப்பாக அப்பாக்களுக்காக, வழக்கறிஞர் அம்மாவை வைத்து ஒரு கூட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோருக்கும் தோதாக. போட்ட நாற்காலிகளில் முன் இரண்டு வரிசைகூட நிரம்பவில்லை. செயற்குழு உறுப்பினர்களே பலர் வரவில்லை. விசாரித்தபோது கிடைத்த பதில், “நமக்குப் பையன்தானே.” என்னிடமும் கேட்டார்கள், உங்களுக்கும் பையன்தானே, உங்களுக்கு எதற்கு இவ்வளவு என்று. ஆமாம், எனக்குப் பையன்தான். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது வேண்டாம்தான் என்று என் பையனுக்கு நான் சொல்லித்தராமல் யார் சொல்லித்தருவார்கள்? வந்திருந்த ஓர் அப்பா, பொய்ப் புகார் வந்தால் என் பையன் கதி என்ன என்று கேட்டார். நியாயமான கேள்வி. குழு இரு தரப்பையும் கேட்டாக வேண்டும். தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு பொய்யாகக் கொடுத்தால் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது என்பதால் மட்டும் ஒரு புகார் பொய்யாகிவிடாது. வராத அப்பாக்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு குழுவுக்குப் புகார்கள் வந்தன. அவ்வளவுதான் சொல்வேன். எந்தத் துறை, எந்த ஊர்ப் பெண் என்று எனக்குப் போன் செய்து கேட்டவர்கள் தயவுசெய்து இனிமேல் கேட்க வேண்டாம். எனக்கும் அது தெரியாது, தெரியவும் கூடாது. பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததற்காக, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். ‘பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாமே’ என்று சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமரசம் வேண்டுமா என்பதைப் புகார் கொடுத்தவர்தான் கேட்க வேண்டும். பணம் கொடுத்து முடிப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

நாம் சம்பளம் கொடுக்கிற ஆசிரியர்களும் பணியாளர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். தற்காலிகம், தினக்கூலி என்ற வேறுபாடு அதில் இல்லை. அவர்கள் புகார் கொடுக்கலாம், அவர்கள்மீதும் புகார் கொடுக்கலாம். இனி கழகம் தரும் பணி ஆணையில் இது ஒரு பத்தியாக இருக்கும்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, சேர்க்கைக் காலத்தில் வந்த தொகையில் பெரும்பங்கு சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் போனது. பலகை, அச்சு, வெளி உறுப்பினர் படி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவில் சிறு பகுதிதான். இருப்பு போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது, அதற்குச் சந்தா பாக்கியே காரணம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பெற்றோரில் பாதிக்கு மேல் இன்னும் கட்டவில்லை. சம்பளம் தள்ளிப்போனதும் இதனால்தான். கேமரா என்றால் தருகிறேன், கமிட்டிக்கு என்றால் தர மாட்டேன் என்று சொல்லி நிறுத்தி வைத்தவர்களும் உண்டு. இரவுக் காவலரின் சம்பளமும் அதே சந்தாவிலிருந்துதான் போகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

முதல்வர், துணை முதல்வர், குழுவின் தலைவர் பேராசிரியை, உறுப்பினர்கள், விடுதிக் காப்பாளர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், அலுவலகக் கண்காணிப்பாளர், பலகையை அடக்க விலைக்கே எழுதிக் கொடுத்த பெற்றோர், எல்லோருக்கும் கழகத்தின் நன்றி. வாக்கெடுப்பைப் பொறுப்பாக நடத்திய மாணவ மாணவியருக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு என் மகனுக்கு இறுதியாண்டு. விதிப்படி அதற்குப் பிறகு நான் பொறுப்பில் இருக்க முடியாது. இப்போதே ஓர் இணைச் செயலாளர் கூட இருந்தால்தான், ஆட்கள் மாறும்போது பலகையில் பெயரும் எண்ணும் மாறும். மாணவியின் பெற்றோர் ஒருவரும் மாணவரின் பெற்றோர் ஒருவரும் முன்வந்தால் நல்லது. மாதம் ஒரு மாலை நேரம் போதும். 2025 ஜூலையில் ஒடிசா பாலசோரில், பேராசிரியர்மீது புகார் கொடுத்தும் நடவடிக்கை இல்லாததால் ஒரு கல்லூரி மாணவி வளாகத்திலேயே தீக்குளித்து, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அங்கேயும் ஒரு குழு இருந்தது. நம் குழு கூடுகிறதா, புகாருக்கு 90 நாளில் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வெளியே சில பெற்றோர் வேண்டும்.

இணைச் செயலாளர் பொறுப்புக்குப் பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் வாசல் பக்கத்து மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார். உறுதிமொழித் தாளில் இரண்டாவது வரியை அடித்தவர்களுக்குப் புதிய தாளும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்,
பெற்றோர் ஆசிரியர் கழகம்