மாத்திரை கொடுக்கலாம், மாற்றக் கூடாதா?

மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம். துணை சுகாதார நிலையம் ஒன்றில் இடைநிலைச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மருத்துவரின் அனுமதியின்றி மருந்தின் அளவை மாற்றியது ஏன் என்று கேட்டுச் சென்ற மாதம் எனக்கொரு மெமோ வந்தது. மூன்று நாட்களுக்குள் விளக்கமும் கொடுத்துவிட்டேன். அந்தப் படிவத்தில் இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

காலியான மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு ஒரு பாட்டி வந்தார். ரத்த அழுத்தம் 180/104. கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், அதேதான். தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முழங்கால்தான் வலிக்கிறது என்றார். ஆரம்ப சுகாதார நிலையம் 11 கிலோமீட்டர். காலை பஸ் போய்விட்டது. மறுநாள் நூறு நாள் வேலை. அதை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டார். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் போய் நின்று மருத்துவரை மூன்று முறை அழைத்தேன். அவர் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் காணொலியில் ஆலோசனை கேட்கும் இ-சஞ்சீவனி செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 5 மில்லிகிராமை 10 ஆக்கினேன். அடுத்த நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அழுத்தம் இறங்கியது, மெமோ ஏறி வந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது முதல் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அனுமதி மட்டும் இன்னும் ஆய்வுக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பரிசோதனை, பதிவேடு, கைபேசிச் செயலி, மாத இலக்கு எல்லாம் என் தலையில். இலக்கை எட்டினால் நான் திறமைசாலி; அதே கையால் ஒரு மாத்திரையை இரண்டாக்கினால் குற்றவாளி. ஆகவே கேட்கிறேன்: எந்த மருந்தை, எந்த அளவுவரை, எந்த நிலையில் செவிலியர் தாமே மாற்றலாம் என்பதை எழுத்தில் தாருங்கள்.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019இல் வந்தது. தொடக்க நிலைச் சிகிச்சையில் இடைநிலைப் பணியாளர் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுத அதன் 32ஆம் பிரிவு வழிவிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. போலி மருத்துவர் பெருகுவார்கள் என்ற அச்சம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பதிவு பெற்றவளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா? பிரிட்டனில் தனிப்பயிற்சி முடித்த செவிலியர் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுதுகிறார்கள். நம் ஊரில் படித்துப் போனவர்களும் அங்கே அந்தப் பயிற்சிக்குச் சேரலாம். விமானம் ஏறினால் அறிவு கூடும் போலிருக்கிறது.

வரம்பு மீறிப் பேசியிருந்தால் மன்னியுங்கள். சம்பள உயர்வு கேட்டு இதை எழுதவில்லை, அதற்கு வேறு மடல் வேண்டும். நான் எதுவரை போகலாம் என்பதை எழுத்தில் தாருங்கள். அதைத் தாண்டினால் தாராளமாக மெமோ அனுப்புங்கள்.

பாட்டிக்கு அடுத்த மாத்திரை 12ஆம் தேதி. அதற்குள் ஆணை வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலைச் செவிலியர்