பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காப்பாத்திக் கொடுத்த ஐயாவுக்கு நன்றி

பேர் போடக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டீங்க, போடலைங்க. ஆனா கோபிசெட்டிபாளையம் பக்கத்து எங்க தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நீங்க செஞ்சதை ஊர் தெரிஞ்சுக்கணும்.

ஓடு ஒழுகி நனைஞ்ச பதிவேடு கட்டியா ஒட்டிக் கிடந்தது. வெயில்ல வைச்சா தாள் முறுகி ஓரம் நொறுங்கும்னு நிழல்லயே வைச்சீங்க. ஃபேன் காத்து நேராப் படாம, பத்துப் பக்கத்துக்கு ஒரு அச்சடிக்காத வெள்ளைத்தாள் சொருகி, அது ஈரம் குடிச்சதும் மாத்தினீங்க. முக்கால்வாசி காஞ்ச பிறகுதான் மூங்கில் சிம்பால மூலையிலிருந்து பிரிச்சீங்க. முன்னால யாரோ ஒட்டின செல்லோ டேப்பை உரிக்கவே விடலை. உரிச்சா எழுத்தும் கூட வந்துரும். லேமினேஷன் பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்க, போட்டுட்டா அப்புறம் பிரிக்க முடியாது.

அதனாலதான் அந்தக் கால ‘ஜில்லா போர்டு’ (மாவட்ட வாரியம்) முத்திரையும், 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்த ‘ஊராட்சி ஒன்றியம்’ முத்திரையும் முழுசாக் கிடைச்சது. மங்கின பக்கங்களை ஃபிளாஷ் இல்லாம, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வைச்சுப் படம் எடுத்தீங்க. பேனா அழுத்தின தடம் நிழலாத் தெரிஞ்சு, ‘நின்ற காரணம்’ கட்டத்துல ‘ஆடு மேய்க்க’ன்னு இருந்ததைப் படிக்க முடிஞ்சது. 1956ல மதிய உணவுத் திட்டம் வர்றதுக்கு முந்தின பக்கம் அது. இப்படிப் படிப்பை விட்டது எத்தனை பிள்ளைங்களோ!

பதிவேடு இப்ப பருத்தித் துணி சுத்தி பீரோ மேல்தட்டுல இருக்குதுங்க. பாலித்தீன் உறைக்குள்ள வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்னு நீங்க சொன்னதைக் கதவிலேயே எழுதி ஒட்டிட்டோம். மனசார நன்றிங்க. விழாவுக்குக் குடும்பத்தோட வந்துருங்க.