பியர் ஆலை கைமாறும்போது குடிப்பவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். மதுவிற்க லைசன்ஸ் இல்லை. விருந்தாளி கேட்டால் வைன் ஸ்டோருக்கு ஆளனுப்பி வாங்கிக் கொடுப்பதோடு சரி. மே முதல் செப்டம்பர் வரை சீசன். கடலில் குளித்துவிட்டு வரும் வெள்ளைக்காரர்கள் லயன் பியர் கேட்பார்கள். கல்யாணவீட்டுக்கு வந்து தங்கும் நம்முடைய பெடியள் கால்ஸ்பேர்க் கேட்பார்கள். அவர்களுக்கு நம்முடையது புதினம், இவர்களுக்கு அவர்களுடையது மதிப்பு. இரண்டும் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில், லயன் கம்பனியின் ஒரே ஆலையில் காய்ச்சுவதுதான் என்று சொன்னால் இரண்டு பக்கத்தாரும் நம்புவதில்லை.

உள்ளூர்க் கம்பனி எது, வெளிநாட்டுக் கம்பனி எது என்ற கணக்கும் நேராக வராது. லயன் ஆலையில் ஏறத்தாழ கால் பங்கு கால்ஸ்பேர்க் குழுமத்திடம், அதுவும் அதன் மலேசியக் கம்பனி வழியாக இருக்கிறது. குருநாகல் பக்கம் மாவத்தகமவில் இருக்கும் மற்றப் பெரிய ஆலை முதலில் இந்தியாவின் யுனைட்டட் புரூவரிஸ் கையில் இருந்தது. அப்புறம் சிங்கப்பூரின் ஆசியா பசிபிக் புரூவரிஸ். 2012இல் அந்தக் கம்பனியையே ஹைனெக்கன் விழுங்கியதால் ஆலை ஹைனெக்கன் ஆனது. அங்கே வேலை செய்தவர்கள் இடத்தை விட்டு அசையாமலே இத்தனை நாட்டு முதலாளிகளைப் பார்த்திருப்பார்கள்.

ஆகவே, “வெளிநாட்டான் வாங்குகிறான், தடுங்கள்” என்று கேட்க நான் இதை எழுதவில்லை. குடிப்பவனுக்குக் கிடைக்கும் தெரிவைச் சுருக்கிய பெரிய கொள்வனவு நம்மவர் நம்மவரிடம் வாங்கியதுதான். 1960களில் தொடங்கிய மெக்கலம் ஆலை, த்ரீ கொயின்ஸ் பியர் காய்ச்சியது. 2011இல் அதை சூப்பர்மார்க்கெட் நடத்தும் காகில்ஸ் வாங்கி மில்லர்ஸ் என்று பெயர் மாற்றியது. 2014இல் லயன் அதை 500 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. அத்தோடு மூன்று பெரிய போட்டியாளர்கள் இரண்டானார்கள். அந்த இரண்டில் ஒருவர் மற்றவரைவிட மிக மிகப் பெரியவர். இதில் வெளிநாட்டுச் சதி எங்கே இருக்கிறது?

இந்தச் சுருக்கத்தின் விலையை 2016 மே மாதம் பார்த்தோம். களனி கங்கை பெருக்கெடுத்து பியகம ஆலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. திருகோணமலையில் சீசன் அப்போதுதான் தொடங்குகிறது. ஆனால் நாட்டுக்கே வேண்டிய பியரில் பெரும்பகுதி ஒரே ஆற்றங்கரையில் காய்ச்சப்பட்டதால் அங்கே வெள்ளம் வந்தபோது இங்கே கடை காய்ந்தது. வெளிநாட்டிலிருந்து ரின்களை இறக்குமதி செய்துதான் சமாளித்தார்கள்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் கம்பனிகள் ஒன்றையொன்று வாங்குவதை விசாரிக்க இடமிருந்தது. 2003இல் உங்கள் சபையை உருவாக்கிய சட்டம் வந்தபோது அந்த அதிகாரம் மட்டும் எங்கோ விழுந்துபோனது. நெத்தலி விலையையும் தண்ணீர்ப் போத்தல் விலையையும் கேட்க உங்களால் முடியும். சந்தையில் பாதியை இன்னொருவர் வாங்கப் போகிறார் என்றால் முன்கூட்டியே நிறுத்தி விசாரிக்க முடியாது. இதைத் திருத்தச் சொல்லிப் பாராளுமன்றத்திடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கேட்டால் குடிகாரன் பேச்சு என்பார்கள்.

இன்னொன்று, மற்ற நாடுகளில் ஒரு பியரைப் பெரிய கம்பனி வாங்கி அதன் ருசியைக் கெடுத்தால் இன்னொருவர் புதிதாகக் காய்ச்சி, விளம்பரம் போட்டு ஆள் சேர்க்கலாம். இங்கே 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் விளம்பரத்தைத் தடுக்கிறது. அந்தத் தடை இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வைன் ஸ்டோர் தட்டில் இடம் இல்லாதவன் இந்த நாட்டில் இல்லாதவன் மாதிரி. ஆலையை வாங்குபவர் அதோடு சேர்த்து அந்தத் தட்டையும் வாங்குகிறார்.

எங்கள் ருசிதான் ஸ்ட்ரோங் பக்கம் சாய்ந்துவிட்டதே, யார் விற்றால் என்ன என்று கேட்கலாம். உண்மைதான், இந்த நாட்டில் அதிகம் ஓடுவது 8.8 வீத மதுசாரம் உள்ள ஸ்ட்ரோங் பியர். ஆனால் அதை முழுக்க ருசி என்று சொல்ல மாட்டேன். கடலுக்குப் போய்வந்தவர் கையிலுள்ள காசுக்கு எவ்வளவு வெறி ஏறும் என்றுதான் பார்க்கிறார். மதுசாரம் குறைந்த மெல்லிய லாகர் பியர் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் இந்த வெயிலுக்கு அதையே எடுப்பவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

ருசியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1964இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. லேபல் இல்லாமல் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் வழக்கமாகக் குடிக்கும் பியரையே அடையாளம் தெரியவில்லை. லேபலோடு கொடுத்ததும் அதே பியருக்கு மதிப்பெண் ஏறியது. கம்பனிகள் இதை நமக்கு முன்பே கணக்கில் எடுத்திருப்பார்கள். அதனால்தான் வாங்கும்போது பெயருக்கு அவ்வளவு விலை கொடுக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்டு காய்ச்சும் இடத்தை மாற்றலாம். ஜேர்மன் பெயரான பெக்ஸை அதன் உரிமையாளரான ஏபி இன்பெவ் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் காய்ச்சி அங்கேயே விற்றது. ஜேர்மனியிலிருந்து வருவதென்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தோம் என்று குடிப்பவர்கள் வழக்குப் போட, 2015இல் கம்பனி சமரசத்துக்கு வந்து பணம் திருப்பிக் கொடுத்தது. இங்கிலாந்தின் நியூகாசில் பிரவுன் ஏல் இப்போது நியூகாசிலிலேயே காய்ச்சப்படுவதில்லை. முதலில் ஆற்றுக்கு அக்கரைக்குப் போய், 2010இல் யோர்க்ஷையருக்கே போய்விட்டது. பெயர் மட்டும் ஊரில் நிற்கிறது.

அந்த நாட்டில் குடிப்பவர்கள் 1971இலேயே சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் சங்கம் வைத்தால் வீட்டிலேயே முதல் எதிர்ப்பு வரும். அதனால் உங்களிடம் வருகிறோம். பியர் எங்கே, எந்தக் கம்பனியால் காய்ச்சப்பட்டது என்பதை முன்பக்க லேபலில், பிராண்ட் பெயருக்குக் கீழே, கண்ணாடி போடாமல் வாசிக்கும் அளவில் மூன்று மொழியிலும் போட வையுங்கள். இதற்குக் கம்பனிக்கு மையைத் தவிரச் செலவில்லை. அடுத்த முறை ஓர் ஆலையோ பிராண்டோ விலைப்படும்போது, சட்டம் திருந்தும்வரை அதிகாரம் இல்லாவிட்டாலும், பகிரங்கமாகக் கருத்துக் கேளுங்கள். வாங்குபவர் எந்தப் பிராண்டை நிறுத்தப் போகிறார், மெல்லிய பியரைத் தொடர்வாரா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் கூட்டி ஆங்கிலத்தில் முடித்துவிடாமல், இங்கே மாவட்டச் செயலகக் கச்சேரியில் ஒரு நாள் தமிழிலும் வையுங்கள்.

மதுக்கடை மூடியிருக்கும் போயா நாளில் வைத்தாலும் சரி, அன்றைக்குத்தான் எல்லாரும் தெளிவாக இருப்போம்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு விடுதிக்காரன்