இரும்பு என்பதாலேயே தீங்கில்லை என்றாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் காந்த நானோ துகள்களை (மிக நுண்ணிய இரும்பு ஆக்ஸைடு துகள்களை) கான்ட்ராஸ்ட் மருந்தாக, அதாவது படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்க ஊசியில் செலுத்தும் மருந்தாகப் பயன்படுத்தும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்போது அதற்குப் பயன்படும் கடோலினியம் என்ற உலோகத்துக்கு மாற்று தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. சிறுநீரகம் பழுதானவர்களின் தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிப்பட்டது. இன்று ஊசிக்கு முன், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கேட்பதற்கு அதுவே முக்கியக் காரணம். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை, உலோகத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறு வளையமாக இல்லாமல் நேர்ச்சங்கிலியாக அமைந்த சில கடோலினிய மருந்துகளை நிறுத்திவைத்தது. வளைய அமைப்புள்ளவை உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் இன்றும் பயன்பாட்டில் உள்ளன என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அரைகுறையாகப் படித்துவிட்டு, தேவையான ஸ்கேனையே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், இரும்பு உடலுக்குப் பழகிய உலோகம், ஆகவே இரும்பு ஆக்ஸைடு துகள்களால் தீங்கில்லை என்ற கட்டுரையின் வாதத்தை அப்படியே ஏற்க முடியவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள செல்கள் இத்துகள்களை விழுங்கிக் கரைத்து, இரும்பை உடலின் சேமிப்பில் சேர்த்துவிடுவது உண்மைதான். எனினும் ரத்தம் முதலில் எதிர்கொள்வது துகளின் மேலுள்ள சர்க்கரைப் பூச்சைத்தான். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் இவ்வகைத் துகளே; ஸ்கேனுக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். 510 மில்லிகிராம் இரும்புள்ள 17 மில்லிலிட்டர் மருந்தை, நீர்க்கச் செய்யாமல் 17 விநாடிகளிலேயே செலுத்திவிடலாம் என்றுதான் முதலில் இருந்தது. கடும் ஒவ்வாமையால் சிலர் இறந்த பிறகு, 2015-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்து, நீர்க்கச் செய்து குறைந்தது 15 நிமிடங்களில் ஏற்ற வேண்டும் என்றது.

முந்தைய துகள் மருந்துகள் ஏன் மறைந்தன என்பதையும் கட்டுரை தொடவில்லை. 1996-இல் அமெரிக்காவில் கல்லீரலுக்கென வந்த ஃபெரிடெக்ஸ், நலமான கல்லீரலைப் படத்தில் கறுப்பாக்கி, துகளை ஏற்காத கட்டியைத் தனித்துக் காட்டியது. 2008-இல் உற்பத்தி நின்றது. போதிய பயன்பாடு இல்லாததே அதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பழைய ரத்தக்கசிவும் காற்றும்கூட அதே படத்தில் கறுப்பாகத் தெரியும்போது, வெளுத்துக் காட்டும் மருந்தைத்தான் கதிரியக்க மருத்துவர் விரும்புவார். அதனால்தான் தென்கொரிய ஆய்வாளர்கள் 2011-இலும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இலும் ஏறத்தாழ 3 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை முன்வைத்தனர். அந்த அளவுக்குச் சுருங்கும்போது காந்தத்தன்மை குறைந்து, படம் கறுப்பதற்குப் பதில் வெளுக்கிறது. எம்.ஐ.டி. துகள் எலிகளின் சிறுநீரில் வெளியேறியதும் பெரிய முன்னேற்றமே.

ஆனால் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து, சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் எவ்வளவு காலம் தங்கும், அதன் பூச்சு அதுவரை தாக்குப்பிடிக்குமா? கடோலினியம் ஒத்துக்கொள்ளாத இவர்களுக்காகத்தானே மாற்றைத் தேடுகிறோம். நலமான எலிகளில் கிடைத்த முடிவு இதற்கு விடையாகாது. அடுத்த கட்டுரையில் இக்கேள்வியைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடமும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர் ஒருவர்,
மதுரை