ஆகாயைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் ஆயர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த மாதம் எங்கள் பகுதியில் ஒரு புதிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். வாசலில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கருங்கல். உள்ளே பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. செய்தி, பாழாய்க் கிடந்த எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டும்படி ஜனங்களை ஏவிய ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து. "இன்றுமுதல் தேவ பிரசன்னம் இங்கே தங்கும்" என்றார் போதகர். அடுத்த தெருவில் மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கும் ஒலிபெருக்கியில் அது கேட்டிருக்கிறது. மாலையில் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் நான் அவர் சமுகத்தைவிட்டுத் தூரமாய்ப் போய்விட்டேனா, தம்பி?" என்று கேட்டார்கள்.

'தூரமாய்ப் போவது' என்ற அந்தப் பேச்சு, எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தைச் சொல்லும் அவருடைய புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.மு. 597இல் யோயாக்கீன் ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களைப் பார்த்து, எருசலேமில் தங்கிவிட்டவர்கள் சொன்னார்கள்: நீங்கள் கர்த்தரைவிட்டுத் தூரமாய்ப் போங்கள், தேசம் எங்களுக்கே. ஆலயம் அவர்கள் பக்கத்தில் இருந்தது. அதனால் கர்த்தரும் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கர்த்தர் என்ன பதில் சொன்னார்? சிதறிப்போன தேசங்களிலே நானே அவர்களுக்குப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்றார். கல்லும் பலிபீடமும் இல்லாமல் பாபிலோனின் கேபார் நதியோரத்தில் சிறையிருந்த மக்களுக்கு அவரே ஆலயமானார். அதே தரிசனத்தில்தான் அவருடைய மகிமை ஆலயத்தின் வாசற்படிக்கு வந்து, கிழக்கு வாசலுக்கு நகர்ந்து, நகரத்தைவிட்டு எழும்பிக் கிழக்கேயுள்ள மலையில் நின்றது. அப்போது ஆலயம் இடியவில்லை. சுவர்கள் அப்படியே நின்றன, தூபமும் எழும்பிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் அங்கே இல்லை. இந்த அதிகாரத்தை எந்தப் பிரதிஷ்டை ஆராதனையிலும் நான் கேட்டதில்லை.

ஆகாயைப் பிரசங்கிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆலயம் இடிக்கப்பட்டு, சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்த பிறகு, கி.மு. 520இல் மச்சுப்பாவப்பட்ட வீடுகளில் குடியிருந்துகொண்டு கர்த்தருடைய வீட்டைப் பாழாகப் போட்டவர்களை அவர் கண்டித்தது நியாயமே. ஆனால் முதல் அதிகாரத்தின் வரிசையைப் பாருங்கள். ஜனங்கள் செவிகொடுத்தார்கள், உடனே, "நான் உங்களோடே இருக்கிறேன்" என்ற வார்த்தை வந்தது. அதற்குப் பிறகுதான் வந்து வேலை செய்தார்கள். கட்டி முடித்ததற்குக் கூலியாகக் கர்த்தர் வரவில்லை. அவர் கூட இருந்ததால்தான் அவர்களால் கட்ட முடிந்தது. அடுத்த மாதம், பழைய ஆலயத்தின் மகிமையைக் கண்டிருந்தவர்களுக்குப் புதியது ஒன்றுமில்லாததாய்த் தோன்றியபோதும், என் ஆவி உங்கள் நடுவில் நிலைத்திருக்கிறது, பயப்படாதிருங்கள் என்றே சொன்னார்.

எசேக்கியேல் தன் புத்தகத்தை முடிப்பதும் ஒரு நகரத்தின் பெயரோடுதான்: யேகோவா ஷம்மா, கர்த்தர் அங்கே இருக்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் புதிய எருசலேமிலோ யோவான் ஆலயத்தையே காணவில்லை. தேவனும் ஆட்டுக்குட்டியானவருமே அதற்கு ஆலயம்.

உங்களிடம் கேட்பது இதுதான். கட்டட நிதிக்காக ஆகாயைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் எசேக்கியேல் 11ஐயும் திறந்து வாசியுங்கள். அந்த வாரமே திருவிருந்தை எடுத்துக்கொண்டு, ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போங்கள். 16ஆம் வசனத்தைக் கட்டிலருகே உட்கார்ந்து வாசியுங்கள். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். பெரியம்மாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் சபை மக்களில் ஒருவன்