லிங்கனின் வேலிக்கட்டைகள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர்களின் பட்டப்பெயர்கள் பற்றிய கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் எல்லாமே மக்களின் அன்பில் தானாக முளைத்தவை என்பதை ஏற்க முடியவில்லை. லிங்கனுக்குக் கிடைத்த 'வேலிக்கட்டை பிளப்பவர்' (மரத்தைப் பிளந்து வேலி போடும் எளிய உழைப்பாளி) பட்டம், திட்டமிட்டுச் செய்த தேர்தல் வேலை. 1860 மே மாதம், இல்லினாய் மாநிலம் டெகேட்டரில் குடியரசுக் கட்சி மாநாடு. லிங்கனின் தாய்வழி உறவினர் ஜான் ஹாங்க்ஸ், லிங்கன் இளவயதில் பிளந்தவை என்று சொல்லி இரண்டு கட்டைகளைப் பதாகையோடு தூக்கி வந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. லிங்கனோ, இவை நான் பிளந்தவைதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இதைவிட நல்ல கட்டைகளையே பிளந்திருக்கிறேன் என்று சமாளித்தார்! (அப்போது அவர் ரயில்வே கம்பெனிக்காக வாதாடிய, வசதியான வழக்கறிஞர்.) அடுத்த வாரமே சிகாகோவில் அதிபர் வேட்பாளர் ஆனார்.

ஆண்ட்ரூ ஜாக்சனின் 'ஓல்டு ஹிக்கரி' சரி, அது படைவீரர்கள் வைத்தது. 1813இல் நாட்செஸிலிருந்து டென்னசி திரும்பும்போது தன் குதிரைகளை நோயுற்ற வீரர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தவர்; ஹிக்கரி மரம்போல் உறுதியானவர் என்றார்கள். அப்புறம், கட்டுரையில் ஜான் டைலரைக் காணோமே? 1841இல் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோக, துணை அதிபராக இருந்து அதிபரான டைலரை எதிரிகள் 'மேதகு விபத்து' என்ற தொனியில் கிண்டலடித்தார்கள்.

- வாசகர், கும்பகோணம்