கல்லறைக்கு எதற்கு இரண்டு வாசல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சி மாவட்டத்தில் சவப்பெட்டி செய்து பிழைக்கும் கத்தோலிக்கன் நான். அப்பாவுக்கும் இதே தொழில்தான். சாவு வீட்டிலிருந்து போன் வந்தால் உயரம் என்ன, தோள் அகலம் என்ன, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்பேன். எங்கள் பங்கை, அதாவது எங்கள் கோயிலுக்கு உட்பட்ட சபையைச் சேர்ந்தவர்கள் என்றால் நான் கேட்காமலே இன்னொன்றும் சொல்வார்கள்: முன்கேட்டா, பின்கேட்டா என்று. கல்லறைத் தோட்டத்தின் நடுவே கம்பிவேலி ஓடுகிறது. முன்கேட்டுக்குத் தார் ரோடு. பின்கேட்டுக்குக் கருவேலங்காட்டு ஓரமாக வண்டித்தடம். தலித் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பக்கம்.

போன ஐப்பசி மழையில் ஒரு மூதாட்டி இறந்தார். பீடத்துணி துவைப்பது, பூசைக்கு முன்னால் கோயிலைக் கூட்டுவது, திருவிழாவில் சப்பரத்துக்குப் பூக்கட்டுவது எல்லாம் அவர் கைதான். அடக்கப் பூசைக்குக் கோயில் நிறைய ஆள். பூசை முடிந்து தெருமுனைக்கு வந்ததும் பாதிப்பேர் கலைந்துவிட்டார்கள். வண்டி சேற்றில் இறங்கவில்லை. பெட்டியை அவருடைய பேரன்கள் தோளில் தூக்கினார்கள். முழங்கால் வரை சேறு. தார் ரோடு கூப்பிடு தூரத்தில் காலியாகக் கிடந்தது. அந்த வழியே கொண்டுபோகலாம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இதைப் பற்றிப் பேசினால், “அவரவர் முன்னோர் பக்கத்தில் அடக்கம் செய்கிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது?” என்கிறார்கள். சரி, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே இறந்துபோன ஓர் அதிகாரிக்கு முன்கேட்டுப் பக்கம் குழி வெட்டினார்களே, அவருக்கு இந்த ஊரில் எந்த முன்னோர்? பங்குப் பேரவைக்காரர்கள் விசாரித்தது அவருடைய சாதியைத்தான்.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இன உரிமை இல்லாமல் போனது. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். நம்மை இன்னும் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஆம் தேதி கறுப்பு தினம் அனுசரிக்கிறோம், நானும் போவேன். ஞானஸ்நானம் பெற்றாலும் சாதி இழிவு விடவில்லை என்று டெல்லிக்குச் சொல்கிறோம். முழுக்க நியாயமான கோரிக்கை. ஆனால் அந்த இழிவை நம் கல்லறையில் வேலி போட்டுக் காப்பது டெல்லி அரசா? இந்த வேலியை எடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

முடியாத காரியம் என்றும் சொல்ல வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்காகக் கட்டிய சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை முன்னின்று செய்தவர் கௌசானல் சாமியார். எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா, கோர்ட்டு வரை போனது. அவர் பின்வாங்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குச் சாமியாருக்கு இருந்த துணிச்சல் இன்று ஒரு மறைமாவட்டத்துக்கே இல்லையா? இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. எங்கள் பங்கில் அதை ஒரு ஞாயிறுகூட வாசித்துக் கேட்டதில்லை.

பொன்மோதிரம் போட்டவரை நல்ல இடத்தில் உட்காரவைத்து ஏழையைக் கால்மாட்டில் உட்காரச் சொல்லாதீர்கள் என்று பைபிளில் யாக்கோபு எழுதியது சபை கூடும் இடத்தைப் பற்றி. செத்தவர்களுக்குள்ளும் அப்படிப் பிரிப்போம் என்று அவர் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார். கடவுள் தம் சாயலில் படைத்தார் என்று நம்புகிற நாம், அந்த உடலை எந்தப் பக்கம் வைப்பது என்று சாதி கேட்பது அவரையே அவமதிப்பது. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. சாமியார் முன்பக்கக் கல்லறைகளை மந்திரித்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் ஆயர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: யார் இறந்தாலும் வரிசையில் அடுத்த குழி, எல்லாருக்கும் தார் ரோட்டுப் பக்க வாசல். எங்கள் பங்கில் கம்பிவேலியைப் பிடுங்க ஆள் வேண்டுமென்றால் நானும் என் மகனும் கடப்பாரையோடு வருகிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சவப்பெட்டித் தச்சர்,
திருச்சி மாவட்டம்.